பௌதிகவியலோடு எந்தப் பாடங்களைச் சேர்ப்பது?

கொக்குவில் மாணவி:
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். உயர்தரத்தில் இரண்டாம் தரம் எழுதியும் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. மூன்றாம் தரமும் எழுது என்கிறார் அப்பா. எனக்குப் பௌதிகவியலில்தான் விருப்பம். ரொறன்ரோவில் படிக்கும் மச்சாள், அங்கே ஒரு முதன்மைப் பாடமும் ஒரு துணைப் பாடமும் எடுக்கலாம் என்கிறார். இங்கே எப்படி? கணிதத்தை விட்டு, கணினி விஞ்ஞானமும் இரசாயனவியலும் எடுத்தால் போதுமா?

வடமராட்சி ஆசிரியர்:
தங்கச்சி, இங்கே தொடக்கத்தில் பல பாடங்களைச் சேர்த்தே படிப்பீர்கள். அப்படியே மூன்று வருடத்தில் முடித்தால் பொதுப்பட்டம். நல்ல பெறுபேற்றோடு சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானால் நான்கு வருடம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதலாவதற்குக் குறைந்தது 90 கிரெடிட், மற்றதற்கு 120. மச்சாள் சொல்லும் துணைப் பாடத்தின் வேலையை இங்கே பௌதிகவியலோடு எடுக்கும் மற்றப் பாடங்கள் செய்யும்.

கணிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அணுவளவு உலகை விளக்கும் குவாண்டம் பொறிமுறையில் ஐதரசன் அணுவுக்கு வரும்போது, சுரோடிங்கரின் பகுதி வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருக்கும். தாயங்கள் (matrices), ஐகன் பெறுமானங்கள் (eigenvalues) என்ற கணிதக் கருவிகள் கைவசம் இல்லாதவருக்கு அந்த விரிவுரை முழுக்க இருட்டு.

செய்முறைக்கும் உங்களுக்குப் பொறுமை இருக்க வேண்டும். நியூட்டனின் வளையங்கள் என்ற ஒளியியல் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், தட்டைக் கண்ணாடியின் மேல் ஒரு குவிவு வில்லையை வைத்தால் ஒளியும் இருளுமாக வளையங்கள் தெரியும். நகரும் நுணுக்குக்காட்டியின் குறுக்குக் கம்பியை ஒவ்வொரு கரிய வளையத்திலும் பொருத்தி வாசிப்பு எடுக்க வேண்டும். திருகை ஒரே திசையில்தான் திருப்பலாம். சற்றே பின்னுக்குத் திருப்பினாலும் புரியின் தளர்வு வாசிப்பைக் கெடுத்துவிடும். விட்டத்தின் வர்க்கத்தை வளைய எண்ணுக்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு வரும். வில்லையின் வளைவாரை தெரிந்தால், அதன் படித்திறனிலிருந்து 589 நனோமீற்றருக்கு அண்மித்த அலைநீளம் கிடைக்கும். அந்த எண் கண்முன் வரும்போது மனம் துள்ளுகிறதா? துள்ளினால் மூன்றாம் தரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கணினி விஞ்ஞானம் நல்ல தெரிவு. கையால் தீர்க்க முடியாத சமன்பாடுகளே அதிகம். எண்முறையில் தீர்க்க நிரலாக்கம் வேண்டும்.

பேராதனை அக்கா:
கணிதம் பற்றி ஆசிரியர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நீங்கள் கேட்ட இரசாயனவியலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை இலகுவாகத் தள்ளிவிட நான் சம்மதிக்கமாட்டேன். யாழ்ப்பாணப் பௌதிகவியல் துறையில் சூரியக்கல ஆய்வு நடக்கிறது. சாயமேற்றிய கலம், பெரோவ்ஸ்கைட் கலம் என்ற சூரியக்கல வகைகளுக்குப் போனால், கரைசல் தயாரித்து மெல்லிய படலம் பூசுவதிலிருந்தே வேலை தொடங்கும். அது பாதி இரசாயனவியல். பொருள் சார்ந்த ஆய்வு பிடித்தால் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். கணிப்புச் சார்ந்தது பிடித்தால் மூன்றாவது கணினி.

அப்பாவிடம் மருத்துவப் பௌதிகவியல் பற்றிச் சொல்லுங்கள். புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்குமிடத்தில் கதிர் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது பௌதிகவியலாளர்தான். பேராதனையில் விஞ்ஞான முதுநிலைப் பட்டப்பின் கற்கை நிறுவனத்தில் அதற்கு முதுமாணிப் படிப்பு இருக்கிறது.

கொக்குவில் மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. கணிதமும் பௌதிகவியலும் உறுதி. மூன்றாவதை இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பாவுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன்.

வடமராட்சி ஆசிரியர்:
காட்டுங்கள். பதிவுக்கு முன் பீடக் கைநூலில் அனுமதிக்கப்பட்ட பாடச் சேர்க்கைகளையும், சிறப்புப் பட்டத்துக்கு முதல் வருடத்திலிருந்தே கேட்கும் பாடங்களையும் அப்பாவோடு இருந்து பாருங்கள்.