ஜாம்பித் தொகுப்பில் ஸ்டீபன் கிங் எழுதிய கதை: எந்த நூலில் படிப்பது நல்லது?

ஏட்டுப்பூச்சி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஸ்டீபன் கிங்கின் ‘ஹோம் டெலிவரி’ என்ற சிறுகதையைப் படிக்க விரும்புகிறேன். அது மூன்று நூல்களில் கிடைக்கிறது என்று அறிகிறேன். 1989இல் ஜான் ஸ்கிப், கிரெய்க் ஸ்பெக்டர் ஆகிய இருவரும் தொகுத்த ‘புக் ஆஃப் தி டெட்’ நூலுக்காகவே அது புதிதாக எழுதப்பட்டது. பின்னர் 1993இல் கிங்கின் சொந்தச் சிறுகதை நூலான ‘நைட்மேர்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்கேப்ஸ்’ நூலிலும், 2008இல் ஜான் ஜோசப் ஆடம்ஸ் தொகுத்த ‘தி லிவிங் டெட்’ நூலிலும் இடம்பெற்றது. கதை ஒன்றுதான் என்றாலும், முதலில் வெளிவந்த நூலில் மற்ற எழுத்தாளர்களோடு சேர்த்துப் படிப்பதில் ஏதேனும் கூடுதல் பயன் உண்டா?

இன்னொரு ஐயமும் உண்டு. புகழின் உச்சியில் இருந்த ஓர் எழுத்தாளர், இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ தம் ஜாம்பிப் படங்களில் உருவாக்கிய உலகத்துக்குள் போய் ஏன் கதை எழுத வேண்டும்? பிணங்கள் எழுவதும் மனிதர்களைத் தின்பதும் எல்லாக் கதைகளிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்றால், அத்தகைய நூலை முழுவதும் படிப்பதற்குப் பொறுமை வேண்டாமா?

கடைசிப்பக்கம்:

வணக்கம் நண்பரே. என்னைக் கேட்டால், 1989ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே படியுங்கள் என்பேன். நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த ஒற்றுமையே எழுத்தாளருக்குப் பெரிய வசதி. பேரழிவைப் பற்றிய ஒரு சிறுகதை, அந்த அழிவு எப்படி வந்தது, எப்படிப் பரவியது என்று விளக்கத் தொடங்கினால் பாதிப் பக்கங்கள் அதிலேயே கரைந்துவிடும். ‘புக் ஆஃப் தி டெட்’ நூலைக் கையில் எடுக்கும் வாசகருக்கோ, அண்மையில் இறந்தவர்கள் எழுவார்கள், உயிரோடிருப்பவர்களைத் தின்பார்கள், மூளையைச் சிதைத்தால்தான் அடங்குவார்கள் என்பது அட்டையைத் திறக்கும் முன்பே தெரியும். முன்னுரையையும் ரொமேரோவே எழுதியிருக்கிறார். ஆகவே ஒவ்வொருவரும் அந்த அழிவுக்குள் யாரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதில்தான் கதை இருக்கிறது.

கிங் நிறுத்துவது மேடி பேஸ் என்ற இளம்பெண்ணை. அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள சிறு தீவில் வாழ்கிறாள், கருவுற்றிருக்கிறாள், கணவன் கடலில் விழுந்து இறந்துவிட்டான். சிறுவயதிலிருந்தே எதையும் தானாக முடிவு செய்யத் தெரியாதவள், முதலில் தந்தையும் பிறகு கணவனும் அவளுக்காக எல்லாவற்றையும் தீர்மானித்து வந்தார்கள். உலகம் முடியப்போகிறது என்ற நிலையில் பார்த்தால் தான் ஓரளவு நன்றாகவே சமாளித்து வருவதாக அவள் நினைத்துக்கொள்வதிலிருந்துதான் கதையே தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தில் உள்ள அடக்கத்தைக் கவனியுங்கள். வேறொருவர் எழுதியிருந்தால் அலறலில் தொடங்கியிருப்பார்.

தீவின் ஆண்கள் இடுகாட்டில் துப்பாக்கிகளோடு காத்திருக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. சிறிய ஊர் என்பதால், மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறவர் யார் என்று அங்கு நிற்பவர்களுக்குத் தெரியும். ஒருவரின் சொந்தக்காரர், இன்னொருவரின் பழைய அண்டைவீட்டார். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒரு முதியவருக்கு மாரடைப்பு வரும்போது, தாம் இறந்து எழுந்துவிடாதபடி தம்மையும் முடித்துவிடுமாறு அவரே கேட்டுக்கொள்கிறார். ரத்தம் நிறைந்த காட்சிதான், ஆனால் மனதில் நிற்பது ஊர்க்கட்டுப்பாடும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் மரியாதையும்தான். பிறகு மேடியின் வீட்டுக் கதவுக்கு யார் வருகிறார் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள், அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

இதே நூலில் ராபர்ட் மெக்கேமன் எழுதிய ‘ஈட் மீ’ கதையில், இறந்துபோன ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மதுக்கடையில் சந்தித்துக் காதலிக்கிறார்கள். உயிரோடிருப்பவர் எவருக்கும் அந்தக் கதையில் முக்கியத்துவம் இல்லை. ஜோ லான்ஸ்டேல், தேடப்படும் குற்றவாளிகளைப் பிடித்துக் கூலி பெறும் ஒருவனைப் பாலைவனத்தில் பிணங்களிடையே ஓடவிடுகிறார். மெக்கேமன் கதை சிறுகதைப் பிரிவிலும் லான்ஸ்டேல் கதை நெடுங்கதைப் பிரிவிலும் திகில் எழுத்துக்கு வழங்கப்படும் பிராம் ஸ்டோக்கர் விருதை அந்த ஆண்டுக்குப் பெற்றன. இவற்றுக்கு நடுவே படிக்கும்போதுதான், கிங் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தியிருக்கிறார் என்பது புலப்படுகிறது. அவருடைய சொந்த நூலில் படித்தால் அது அவருடைய இன்னொரு மெயின் மாநிலக் கதை, அவ்வளவுதான்.

மெத்தைவீடு:

கடைசிப்பக்கம் சொல்வதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஸ்கிப்பும் ஸ்பெக்டரும் ‘ஸ்ப்ளாட்டர்பங்க்’ என்று அழைக்கப்பட்ட அணியின் முன்னணியினர். எதையும் மறைக்காமல், எந்த எல்லையிலும் நிற்காமல் எழுதுவதே அந்த அணியின் கொள்கை. அதன் விளைவாக, அந்த நூலில் சில கதைகளுக்கு அருவருப்பைத் தவிர வேறு நோக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால், நான்காவது கதைக்குள் குடல் சரிவது மழை பெய்வதைப் போலச் சாதாரணமாகிவிடுகிறது. பயமுறுத்த வந்த நூலுக்கு அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. ஆகவே எந்த நூலை வாங்கினாலும், ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் படிக்காதீர்கள்.

‘ஹோம் டெலிவரி’யிலும் எனக்கு ஒரு குறை உண்டு. பிணங்கள் எழுவதற்குக் காரணமாக வானில் தோன்றும் ஒரு பொருளைக் காட்டி, அதை ஆராய விண்கலம் அனுப்பப்படும் பகுதியைக் கிங் நடுவில் நுழைக்கிறார். நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறார் என்றாலும், தீவை விட்டு வெளியே வந்தவுடன் கதையின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. ரொமேரோவின் முதல் ஜாம்பிப் படமான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்ற 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வெள்ளிக்கோளிலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்று தொலைக்காட்சியில் பேசிக்கொள்வார்கள். ஆனால் கடைசிவரை அது உறுதிப்படாது. அந்த மௌனத்தைக் கிங்கும் கடைப்பிடித்திருக்கலாம். விளக்கம் தேவைப்படாதது தொகுப்புக் கதையின் வசதி என்று கடைசிப்பக்கம் சொல்கிறார். அவர் பரிந்துரைக்கும் கதையே அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளவில்லையே!

இந்த வகையில் ஆகச் சிறந்த கதை எது என்று கேட்டால், அதே இருவர் 1992இல் தொகுத்த ‘ஸ்டில் டெட்’ நூலில் டான் சிம்மன்ஸ் எழுதிய ‘திஸ் இயர்ஸ் கிளாஸ் பிக்சர்’ என்றுதான் சொல்வேன். எல்லாம் அழிந்த பிறகும், ஓர் ஆசிரியை தம் நான்காம் வகுப்பை நடத்திக்கொண்டிருக்கிறார். மாணவர்கள் அனைவரும் இறந்த குழந்தைகள். மேசைகளோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர் கரும்பலகையில் எழுதிப் பாடம் சொல்கிறார், அவர்களுக்கு எதுவும் ஏறுவதில்லை, மறுநாளும் சொல்கிறார். அழிவு எங்கிருந்து வந்தது என்ற பேச்சே அங்கு தேவைப்படவில்லை. உலக மிகுபுனைவு விருதும் பிராம் ஸ்டோக்கர் விருதும் அதற்குக் கிடைத்தன. ஆடம்ஸ் தொகுத்த 2008ஆம் ஆண்டு நூலில் கிங்கின் கதையும் இந்தக் கதையும் சேர்ந்தே இருப்பதால், காசு கொடுத்து ஒரே நூல் வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள்.

சுருள்படம்:

ஏட்டுப்பூச்சி எழுப்பிய இரண்டாவது ஐயத்துக்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை. ரொமேரோவின் உலகத்துக்குள் மற்றவர்கள் இவ்வளவு தாராளமாக நுழைய முடிந்ததற்குக் கலைக்காரணம் மட்டுமன்று, சட்டக்காரணமும் உண்டு. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ முதலில் வேறு பெயரில்தான் எடுக்கப்பட்டது. வெளியிடும் நிறுவனத்தார் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்புச் சட்டகத்தோடு சேர்ந்து பதிப்புரிமை அறிவிப்பும் படத்திலிருந்து போய்விட்டது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் உரிமையே இல்லை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். படம் வெளிவந்த நாளிலிருந்தே பொதுச்சொத்து. ரொமேரோவுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் வரவேண்டிய பெரும் பணம் வராமல் போனது வருத்தத்துக்கு உரியதுதான். ஆனால் பிணங்கள் எழும் அந்த உலகம் எவரும் வந்து குடியேறத்தக்க புறம்போக்கு நிலமாக ஆனதற்கு அந்தத் தவறும் ஒரு காரணம். கிங்கைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. இருவரும் 1982இல் வெளிவந்த ‘க்ரீப்ஷோ’ படத்தில் சேர்ந்து பணியாற்றியவர்கள். கிங் திரைக்கதை எழுத, ரொமேரோ இயக்கினார். ஆகவே அது அந்நியர் வீடு அன்று, நண்பர் வீடு.

இந்தப் போக்கின் உச்சமாக 2017 ஜூலையில் ‘நைட்ஸ் ஆஃப் தி லிவிங் டெட்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. முதல் படம் நிகழும் அதே நேரத்தில், பிணங்கள் எழத்தொடங்கிய முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத வேண்டும் என்று எழுத்தாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஜோனத்தன் மேபெரியோடு சேர்ந்து அதைத் தொகுத்தவர் ரொமேரோவேதான்; ‘ஜான் டோ’ என்ற தம் கதையையும் அதில் சேர்த்தார். அடையாளம் தெரியாத ஒரு பிணம் பிணவறை மேசையில் அசையத் தொடங்குவதுதான் அதன் மையம். அரை நூற்றாண்டாக அவருடைய உலகில் மற்றவர்கள் எழுதிவிட்ட பிறகு, கடைசியில் அவரும் அதே உலகில் ஒரு சிறுகதை ஆசிரியராக வந்து அமர்ந்தார். அதே மாதம் 16ஆம் தேதி காலமானார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற நாவலை டேனியல் க்ராஸ் நிறைவுசெய்து 2020இல் வெளிவரச் செய்தார்.

மெத்தைவீடு சொல்லும் சலிப்புக்கும் இங்கே ஒரு மருந்து இருக்கிறது. காலத்தை நாற்பத்தெட்டு மணி நேரமாகச் சுருக்கியதால், எந்தப் பாத்திரத்துக்கும் ஜாம்பி என்றால் என்னவென்று தெரியாது, வாசகருக்கு மட்டுமே தெரியும். இறந்த கணவனின் கைவிரல் அசையும்போது மனைவி மகிழ்ச்சியோடு குனிகிறாள் என்று எழுதினால் போதும். நாம்தான் நடுங்க வேண்டும்.

ஏட்டுப்பூச்சி:

மூவருக்கும் மிக்க நன்றி. மெத்தைவீடு சொன்னபடி ஆடம்ஸின் தொகுப்பை முதலில் வாங்கிவிட்டு, பிடித்திருந்தால் 1989ஆம் ஆண்டு நூலைத் தேடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கையும் நான் வாங்கும் நூல்களை எடுத்துப் படிப்பாள். அவள் கைக்குக் கிடைக்கும்படி வைக்கலாமா?

மெத்தைவீடு:

ஆடம்ஸின் தொகுப்பிலும் எல்லாக் கதைகளும் அந்த வயதுக்கு ஏற்றவை அல்ல, நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். சிம்மன்ஸ் கதையைத் தாராளமாகக் கொடுக்கலாம். கிங் கதையை அவள் கேட்டால் கொடுங்கள். ஸ்கிப், ஸ்பெக்டர் தொகுத்த நூலை வாங்கினால், தங்கைக்கு எட்டாத மேல்தட்டில் வையுங்கள். பழைய புத்தகங்களை இணையத்தில் விற்பவர்களிடம் அது அவ்வப்போது வருகிறது. ‘புக் ஆஃப் தி டெட்’ என்று மட்டும் தேடினால் எகிப்தியர்களின் இறுதிச்சடங்கு நூல்தான் வரிசையாக வந்து நிற்கும் என்பதால், தொகுப்பாசிரியர்களின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.