ஏழு வயசுப் பையனுக்கு ரேடியேஷன்: புரோட்டான் அவசியமா?

குடியாத்தத்தான்:
அக்கா பையனுக்கு சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி, ஆபரேஷன் முடிந்து இருபது நாள் ஆகிறது. இனி தலைக்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் ரேடியேஷனாம். வேலூரிலேயே வைத்துக்கொள்ளலாம், முடிந்தால் சென்னையில் புரோட்டான் என்கிற வேறு வகை ரேடியேஷனும் விசாரியுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. புரோட்டான் வைத்தால்தான் கட்டி திரும்ப வராதா? மாமா வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

காட்பாடி ஃபிசிக்ஸ்:
தம்பி, புரோட்டான் என்றால் கூடுதல் வீரியம் என்று நினைக்க வேண்டாம். கட்டியை அழிப்பதில் வழக்கமான எக்ஸ்ரே வகைக் கதிரும் புரோட்டானும் ஏறக்குறைய ஒன்றுதான், கதிர் எங்கே நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். எக்ஸ்ரே வகைக் கதிர் முதுகில் நுழைந்து தண்டுவடத்தைத் தாண்டி, தைராய்டு, இதயம், குடல் என்று வழியில் இருப்பதையெல்லாம் தொட்டுவிட்டு முன்பக்கமாக வெளியே போகும். புரோட்டான் மின்னூட்டம் உள்ள துகள், வேகம் குறையக் குறைய ஆற்றலை அதிகமாகக் கொட்டி, நாம் கணக்குப் போட்ட ஆழத்தில் நின்றுவிடும். இதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946இலேயே எழுதிவிட்டார். வளருகிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஆனால் மூளை முழுவதற்கும் வைக்கும் கட்டத்தில் புரோட்டானாலும் மூளையைக் காப்பாற்ற முடியாது, அதனால் படிப்பில், ஞாபகத்தில் பாதிப்பு வரலாம். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் தனியாக வைக்கும்போது உள்காதைக் காக்க உதவும்.

ஆற்காடு அம்மா:
என் பெண்ணுக்கு தரமணியில் அப்பல்லோ புரோட்டான் மையத்தில்தான் வைத்தோம். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், பக்கத்திலேயே வாடகைக்கு ரூம். அசையாமல் இருக்க முகத்துக்கு மாஸ்க் போடுவார்கள், முதல் இரண்டு நாள் அழுதாள், அப்புறம் பழகிவிட்டது. பணம் புரட்டுவதிலேயே நாங்கள் மூன்று வாரம் போக்கிவிட்டோம், இன்றைக்கும் அதை நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் தம்பி.

காட்பாடி ஃபிசிக்ஸ்:
அம்மா சொல்வதுதான் முக்கியம். இந்தக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து ஆறேழு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்கிவிட வேண்டும். புரோட்டானுக்காகக் காத்திருந்து அதைத் தாண்டினால், லாபத்தைவிட நஷ்டம் அதிகம். நவி மும்பை கார்கரில் டாடா மெமோரியலின் புரோட்டான் மையமும் இருக்கிறது, செலவுதான் தடை என்றால் அங்கேயும் கேளுங்கள். ஆனால் வேலூரில் கொடுத்த சிமுலேஷன் (ரேடியேஷனுக்கு முன் ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவது) தேதியை மட்டும் கேன்சல் செய்யாதீர்கள்.

குடியாத்தத்தான்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அம்மா. எம்ஆர்ஐ சிடி, பயாப்சி ரிப்போர்ட் எல்லாம் நாளைக்கே இரண்டு இடத்துக்கும் அனுப்பிவிடுகிறேன். திங்கட்கிழமைக்குள் தேதி கிடைக்காவிட்டால் வேலூர்தான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும் என்று மாமாவும் ஒத்துக்கொண்டார்.