விரால் அடிக்கிறது, முள்ளில் மாட்டுவதில்லை

சேலம் ஓமலூர் பக்கம் ஒரு ஏரியில், குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு, விரால் மீனுக்குத் தூண்டிலில் போலி இரையாக ரப்பர் தவளை போட்டுப் பழகுகிறேன். அமெரிக்காவில் பாஸ் மீனுக்குப் போடுவார்களே, அதே இரட்டை முள் தவளைதான். ஏழடி மீடியம் ஹெவி ராடு, 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் தூண்டில் நூல்).

ஆடியிலிருந்து இதே கதை. ஆகாயத்தாமரை ஓரமாக இழுத்து வரும்போது படீரென்று அடிக்கிறது, தவளை தண்ணீருக்குள் போகிறது, முள் மாட்ட ராடைச் சுண்டினால் ரப்பரில் பல் தடம் மட்டும். அந்த அடியைப் பார்த்த பிறகு விட மனசே வரவில்லை!

அடித்ததும் சுண்டிப் பார்த்தேன். இரண்டு எண்ணிவிட்டும் சுண்டினேன். முள்ளை அரத்தால் தீட்டி, முனையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைத்தேன். அப்புறம் இன்னும் மெத்தென்ற ரப்பருக்கு மாறினேன். காலை, சாயங்காலம் இரண்டு வேளையும் இதேதான். உயிர்த்தவளை கோக்க விருப்பமில்லை.

விரால் அடித்தபின் எவ்வளவு நேரம் விட்டுச் சுண்ட வேண்டும்?