மைனுக்குப் போன நம் ஊர்க்காரர்கள்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஊர் மலரின் வரைவை இரண்டு முறை படித்துவிட்டேன். ஏரி, கோயில், எருது விடும் விழா எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. தொகுத்த தம்பிமாருக்கு நன்றி. ஆனால் நடுவில் ஓர் இடத்தில், "சிலர் பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைத் தாண்டி மேலே படிக்க எனக்கு மனம் வரவில்லை. சிலர் இல்லை. கீழ்த்தெருவில் மைனுக்கு, அதாவது அந்தத் தங்கச் சுரங்கத்துக்கு, ஆள் அனுப்பாத வீடுகள் எத்தனை என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். விரல் விட்டு எண்ணி மூன்று என்றார்.

இது எனக்கு இப்போது இவ்வளவு உறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் பெர்த்திலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் கிழக்கே கால்கூர்லி என்று ஒரு தங்கச் சுரங்க ஊர். 1893-ல் அங்கே தங்கம் கண்டுபிடித்த பேடி ஹானன் என்பவருக்கு முக்கியத் தெருவிலேயே சிலை வைத்திருக்கிறார்கள். சிலை மடியில் ஒரு தண்ணீர்ப் பை, அதிலிருந்து வருகிற தண்ணீரைப் போவோர் வருவோர் குடிக்கலாம். பிள்ளைகளோடு நானும் குடித்தேன். அப்போது தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருடம் பூமிக்கடியில் போய் வந்த மனிதருக்கு ஊர் மலரில் கூட ஒரு பத்தி இல்லாமல் போகலாமா?

வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடக எல்லை. நம் மார்க்கண்டேய நதியே அந்தப் பக்கம் பூதிக்கோட்டை மேட்டிலிருந்துதான் இறங்கி வருகிறது. ஆற்றை எதிர்த்து நடந்து, அப்புறம் காமசமுத்திரம் பக்கமாகக் கொள்ளுத் தாத்தா மைனுக்குப் போனதாக வீட்டில் சொல்வார்கள். தொகுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அப்போது நாம் சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல். பழைய காகிதங்களில் நம் ஆட்களைத் தேடினால் 'சேலம் ஜில்லா' என்றுதான் இருக்கும்.

மைனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1870-களில் மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் மைசூர் அரசிடம் தோண்ட அனுமதி வாங்கினார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று வரிசையாக ஷாப்டுகள், அதாவது செங்குத்தான சுரங்கக் குழிகள், இறங்கின. 1894-ல் இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் விட்டார்கள். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து மைனுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்ததே 1905-ல். ஆனால் தாத்தா குடியேறிய தட்டி வீட்டில் சிம்னி விளக்குதான். மூங்கில் தட்டிதான் சுவர், காற்றடித்தால் தெருப் புழுதி அத்தனையும் உள்ளே. துரைமார் பங்களாக்கள் மேட்டில் பளிச்சென்று எரிவது வாசலிலிருந்தே தெரியும் என்று பாட்டி சொல்வார்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. போனவர்களில் பெரும்பாலோர் ஊரில் ஒரு குழி நிலம் கூட இல்லாதவர்கள். அடுத்தவர் களத்தில் கூலிக்கு நின்றவர்கள், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள். மைனில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் சம்பளம் காசாகக் கையில் வந்தது. யார் வீட்டு வாசலிலும் குனிந்து நிற்க வேண்டாம். சாதியை எதிர்த்துப் பௌத்தத்தை முன்வைத்த அயோத்திதாசர் 1907-ல் சென்னையில் தொடங்கிய வார இதழுக்குத் தங்கவயலில் அவ்வளவு வாசகர்கள் இருந்ததும், சாம்பியன் ரீஃபில் பௌத்த சங்கம் வேர்விட்டதும் இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, முடியாது என்று வேலையை நிறுத்தியவர்கள் இவர்கள். கீழ்த்தெருவின் முதல் ஓட்டு வீடும், முதல் சொந்தக் கிணறும், முதலில் பள்ளி இறுதி முடித்த பிள்ளைகளும் அந்தக் காசில் வந்தவை. இதை மலரில் வெளிப்படையாக எழுத வேண்டும். யாருக்காவது சங்கடமாக இருக்கும் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கீழே வேலை எப்படி இருந்தது என்று தாத்தா அதிகம் பேசியதில்லை. ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறி இறங்கி, வேறொரு ஷாப்டுக்கு நடந்து, மறுபடி இறங்கினால்தான் தன் இடம் என்பார். சாம்பியன் ரீஃப் கடைசியில் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். கோவணத்தோடு நின்று துளை போட்டாராம். மேலே வந்ததும் தங்கம் ஒட்டியிருக்கிறதா என்று வாய் முதல் பாதம் வரை சோதிப்பார்கள். பிற்காலத்தில் அவருக்குச் சிலிகோசிஸ். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வருவது. ஊரில் எல்லோரும் காசம் என்றுதான் நினைத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருப்பார். நான் எதிரே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தப்பு விட்டால், மூச்சு வாங்கும்போதே விரலை உயர்த்தித் திருத்துவார்.

தங்கவயல் வாழ்க்கையை நானே பார்த்தது பெரிய மாமா வீட்டில். எண்பதுகளில் பரீட்சை லீவு விட்டால் ஆந்திராவில் இருக்கும் குப்பம் ஊர் வழியாகப் போய்விடுவோம். லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. ஓர் அறை, பின்னால் சமையல் தாழ்வாரம், தெருக்கோடியில் குழாய். ஷிப்டுக்குச் சங்கு ஊதும், அதை வைத்துத்தான் அத்தை உலை வைப்பார். தெருவில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், மாமாவின் வேலைப் பேச்சில் பாதி இங்கிலீஷ். வெயில் சாய்ந்தால் சயனைடு மேட்டுப் பக்கம் விளையாடப் போவோம். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக, சாம்பல் நிறத்தில், மழை அறுத்த வரிகளோடு நிற்கும். ஒரு புல் முளைக்காது. ஆடிக் காற்றில் அந்த மண் பறந்து வரும், வெள்ளைத் துணி காயப்போட முடியாது.

ஒரு ராத்திரி மாமா நைட் ஷிப்டில் இருந்தார். தரைக்குள்ளிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். அடுக்கில் இருந்த பித்தளைத் தட்டுகள் உருண்டு விழுந்தன. ஏர் பிளாஸ்ட் என்பார்கள், ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்புப் போடாமல் வெளியே போனார். லைன் முழுக்கப் பெண்கள் வாசலில் நின்றார்கள். ஒருவர் கூட அழவில்லை, பேசவில்லை. எல்லோரும் ஷாப்டின் உச்சியில் இருக்கும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் சுற்றினால் கேஜ் ஓடுகிறது, ஆள் ஏறி வருகிறான் என்று அர்த்தம். சுற்றத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு அம்மா, "சரி, போய்ப் படுங்க" என்றார். அத்தை மட்டும் விடியும் வரை உள்ளே வரவில்லை. காலையில் மாமா வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரிக் கஞ்சி கேட்டார்.

1956-ல் மைன் அரசுக்கு வந்தது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த மைனை 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். அந்த மாதத்துக்குப் பிறகு சங்குச் சத்தம் இல்லாமல் நேரமே தெரியவில்லை என்று அத்தை சொன்னார். இன்றும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறார். பேரன் இருட்டோடு எழுந்து மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூரு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறான். தங்கவயலில் பாதிப் பேர் பிழைப்பு அந்த ரயிலில்தான். கே.ஜி.எஃப். சினிமாவைப் பார்த்துவிட்டு என் ஆபீஸில் தங்கவயல் பற்றிக் கேட்பவர்களுக்கு, அத்தை வீட்டுத் தெருவின் படத்தைத்தான் காட்டுகிறேன்.

ஆகவே மலரில் மைனுக்குத் தனிப் பகுதி வேண்டும். போனவர்களின் பெயர், எந்த வருடம், எந்த ஷாப்ட், யார் திரும்பி வந்தார்கள், யார் அங்கேயே அடங்கினார்கள் என்று வீடு வீடாக எழுதலாம். நம் ஊரில் கீழே இறங்கி வேலை செய்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நான்கு பேர், மூத்தவருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் யாராவது அவரிடம் முதலில் போய் உட்காருங்கள். கேள்விகளை நான் எழுதி அனுப்புகிறேன். அச்சுச் செலவு கூடினால் என் பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைனில் தாத்தாவுக்குக் கொடுத்த நம்பர் பில்லை அத்தையிடம் இருக்கிறது. பித்தளை, ஓரம் தேய்ந்தது, கயிறு கோக்க மேலே ஒரு துளை. பேரனிடம் சொல்லி இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இந்தக் குழுவுக்கு அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
கீழ்த்தெரு மைன்காரர் வீட்டுப் பேத்தி,
பெர்த்