குட்டைக்குள் இறங்கும் சாக்கடைத் தண்ணீர்: ஆகஸ்ட் 15 கிராம சபையில் எப்படிக் கேட்பது?

கிளுவைவேலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கமுங்க. அவிநாசி வட்டாரத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு குக்கிராமம் எங்களுடையது. ஊராட்சி அலுவலகம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே, இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள வண்டிப் பாதை) முடிகிற இடத்தில், இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான ஒரு குட்டை உண்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதில் தண்ணீர் நின்ற நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டபோது, அதில் தண்ணீர் பெறும் 1,045 நீர்நிலைகளில் எங்கள் குட்டையும் இருந்தது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் எடுக்கிற உபரி நீர், ஆறு நீரேற்று நிலையங்களைக் கடந்து, சோலார் தகடு பொருத்திய ஒரு சிறு பெட்டிக்குப் பக்கத்திலுள்ள குழாய் வழியாக எங்கள் குட்டையில் விழுந்த அன்று, எங்கள் அப்பாரு (தாத்தா) செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கி அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார். இந்தத் திட்டத்துக்காக மனுக்கொடுக்கப் போன தலைமுறை அவருடையது.

இப்போது அதே குட்டையின் மேற்கு மூலையில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு வந்த பிறகு தண்ணீர்ப் புழக்கம் கூடியது; குளியல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல் எல்லாம் சேர்ந்து தெருவில் ஓடியதால், சில ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட்டில் சாக்கடை கட்டினார்கள். கட்டிய வரைக்கும் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாக்கடை குட்டைக்கு இருபது அடி முன்னால் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் மண்ணை அரித்துக்கொண்டு தண்ணீர் தானாகவே குட்டைக்குள் இறங்குகிறது. குழாய் முனையுள்ள வடக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மீன் குஞ்சு துள்ளுகிறது. சாக்கடை இறங்குகிற மூலையில் மட்டும் ஆகாயத்தாமரை படர்ந்து, அதன் அடியில் சோப்பு நுரை சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடக்கிறது. ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டினால் அது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது.

ஊராட்சியில் இரண்டு முறை மனுக் கொடுத்தேன். முதல் முறை நிதி இல்லை என்றார்கள். மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு போனபோது, தேர்தல் முடிந்து புதுத் தலைவர் வரட்டும் என்றார்கள். மே 1 கிராம சபையில் எழுந்து பேசினேன். எல்லோரும் தலையசைத்தார்கள், ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தலைவர் இல்லாத காலத்தில் இதை யாரிடம் கேட்பது? இது ஊராட்சி செய்தே தீர வேண்டிய வேலையா, மனம் வைத்தால் செய்கிற வேலையா? ஆகஸ்ட் 15 அன்று நான் என்ன கேட்டால் வேலை நடக்கும்? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

அம்மணிக்கு வணக்கம். நான் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவன். உங்கள் கடைசிக் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மே 1 அன்று நீங்கள் பேசினீர்கள், ஆனால் தீர்மானம் கொண்டுவரவில்லை. கிராம சபையில் பேச்சு வேறு, தீர்மானம் வேறு. அரசிடமிருந்து வருகிற கூட்டப் பொருள்களை வரிசையாகப் படித்து முடிக்கும்போது பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்; இதர பொருள்கள் என்று வரும்போதுதான் ஊர்க்காரர்களின் பேச்சு வரும், அப்போது எழுதுகிறவரும் சோர்ந்திருப்பார். ஆகவே கூட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே, உங்கள் கோரிக்கையைத் தீர்மான வாசகமாகவே எழுதி, பத்து இருபது வாக்காளர்கள் கையெழுத்திட்டு, ஊராட்சி செயலரிடம் கொடுத்து நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிவிடுங்கள். கூட்டத்தில் அந்த வாசகம் படிக்கப்பட்டு, புத்தகத்தில் எழுதப்பட்டு, எழுதியது திரும்பவும் படித்துக் காட்டப்படும் வரை இடத்தைவிட்டு எழ வேண்டாம். இதைச் சண்டையாகச் செய்யத் தேவையில்லை. "எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டீருங்க" என்று கேட்டால் யாரும் மறுக்க முடியாது.

ஆள் சேர்ப்பதும் உங்கள் வேலைதான். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள், நூறு பேர். நாற்பது வீட்டு ஊரிலிருந்து ஒரு டெம்போவில் முப்பது பேர் போய் உட்கார்ந்தால் அந்தக் கூட்டத்தில் உங்கள் ஊருக்கு ஒரு கனம் வந்துவிடும்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பது. இப்போது ஊராட்சிக்குத் தனி அலுவலர், ஒன்றியத்தில் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். மன்றமும் தலைவரும் செய்ய வேண்டியவற்றை இந்த இடைக்காலத்தில் அவரே செய்யக் கடமைப்பட்டவர். புதுத் தலைவர் வரட்டும் என்பது பதில் ஆகாது, ஏனென்றால் குடிநீரும் தெருவிளக்கும் துப்புரவும் தேர்தலுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் ஒரே அலுவலர் ஒன்றியம் முழுவதையும் பார்க்கிறார் என்பதையும் மனத்தில் வையுங்கள். கோப்பில் எழுத்தாக இருப்பதுதான் அவர் கண்ணில் படும்.

கடமையா என்று கேட்டீர்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். சாலை, தெருவிளக்கு, சாக்கடை கட்டுதலும் கழிவுநீரை அகற்றுதலும், தெருத் துப்புரவு, சுடுகாடு இடுகாடு, கிணறு, குளம் குட்டை பராமரிப்பு என்று ஊராட்சியின் கடமைகளை அது அடுக்குகிறது. கள்ளிப் புதரை வெட்டி அகற்றுவதுகூட அதில் இருக்கிறது. நிதி வரம்புக்கு உட்பட்டு என்ற சொல்லும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆகையால் நிதியைப் பற்றியும் தெரிந்து வையுங்கள். பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனைக்கு உட்பட்டது. அதில் ஒரு பாதி சுகாதாரத்துக்கு; மறு பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு. உங்கள் வேலை இந்தத் தலைப்புகளில் தாராளமாக அடங்கும். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் என்னென்ன பணிகள் சேர்ந்திருக்கின்றன, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதை 2020-இல் தொடங்கப்பட்ட இ-கிராம ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டுப் போனால் நிதி இல்லை என்று பொதுவாகச் சொல்ல முடியாது, எந்தத் தலைப்பில் இல்லை என்று சொல்ல வேண்டிவரும்.

சரளைமண் எழுதியது:

நான் ஊராட்சி ஒன்றியத்தில் பணி மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நொய்யல்கரை ஐயா சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன வேலை கேட்பது என்பதில் தங்கை முதலில் தெளிவாக வேண்டும். நீங்கள் மீதி இருபது அடியையும் கட்டித்தரச் சொன்னால் அவர்கள் கட்டித் தந்துவிடுவார்கள். சாக்கடை ஒழுங்காகக் குட்டைக்குள்ளேயே போய் விழும்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நாற்பது வீட்டில் வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 8,800 லிட்டர் உள்ளே வருகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கழிவாக வெளியேறும். ஆறாயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். இது ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். வீட்டுக்கு வீடு பிரித்தால் 150 லிட்டர்கூட வராது. இதைத் தெருவில் சேர்த்து ஓடவிட்டுப் பிறகு கடைசியில் ஆளுவதைவிட, உண்டாகிற இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது சுலபம்.

வீட்டுப் பின்புறம் இடம் இருந்தால் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் உறிஞ்சு குழி போதும். அடியில் பெரிய கல், நடுவில் நடுத்தரக் கல், மேலே சிறு ஜல்லி. குழிக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டாயம் வேண்டும். சோற்றுப் பருக்கையும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தங்கிவிட வேண்டும். நான் பார்த்துக் கெட்டுப்போன குழிகளில் பெரும்பாலானவை இந்தத் தொட்டி இல்லாததாலோ, இருந்தும் அள்ளாததாலோ அடைத்தவைதான். அடித்தளத்தைச் சிமெண்ட் பூசி அழகாக மூடிய குழிகளையும் பார்த்திருக்கிறேன். அவை உறிஞ்சு குழி அல்ல, வெறும் தொட்டி. கழிப்பறைத் தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது. கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் பத்து மீட்டராவது தள்ளித்தான் தோண்ட வேண்டும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். சரளையும் செம்மண்ணும் உள்ள இடத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். கரிசலாக இருந்தாலோ, இரண்டடியில் சுக்கான் (இறுகிய சுண்ணாம்புக் கல்) தட்டினாலோ குழி வேலை செய்யாது. அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பின்புறத்தில் வாழையும் சேம்பும் கல்வாழையும் வைத்துத் தண்ணீரைப் பாத்தியில் விடுவது நல்லது. இடமே இல்லாத நத்தத்து வீடுகளின் தண்ணீர் மட்டும் சாக்கடைக்கு வரட்டும். அந்தக் கடைசி இருபது அடியில் இரண்டு அறை வைத்த படிவுத் தொட்டியும், அதற்கடுத்துக் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகையும் கேளுங்கள். ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு தயாரிக்கச் சொல்லி அதையே தீர்மானத்தில் எழுதுங்கள்.

தறிமேடை எழுதியது:

சென்னிமலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊரிலும் குட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு சாக்கடையைத் திருப்பினோம். அது ஆதிதிராவிடர் குடியிருப்புக்குப் பின்னால் போய்த் தேங்கியது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டிய தீர்மானம் அது. அந்தத் தெருவிலிருந்து அன்று ஒருவரும் வந்திருக்கவில்லை, வரச் சொல்லி நாங்களும் கூப்பிடவில்லை. பிறகு அங்கே குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் போய்ப் பார்த்தோம். கட்டில் போட்டு உட்காரும் வாசலிலிருந்து நான்கடி தூரத்தில் கறுப்புத் தண்ணீர் நின்றது. அதைச் சரிசெய்ய இரண்டு வருசம் ஆனது. ஆகவே சகோதரி, தண்ணீர் எங்கிருந்து போகிறது என்பதோடு, புதிதாக எங்கே போய் நிற்கப் போகிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் நடந்து பாருங்கள். அந்த வீட்டுப் பெண்களை உங்களோடு கிராம சபைக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. தெருவைப் புதுப்பிக்கும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள் அறிவுறுத்தினார். சுரண்டாமல் போட்டால் சாலை உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். நீங்கள் வெட்டுகிற உறிஞ்சு குழியில் மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் நிறைந்துவிடும். சாலை வேலை வருகிறதா என்று விசாரித்துக்கொண்டு குழி வேலையைத் தொடங்குங்கள்.

கிளுவைவேலி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு பெண்களும் நாற்பது வீட்டுக்கும் போய் வந்தோம். இருபத்தாறு வீட்டில் பின்புறம் இடம் இருக்கிறது. பதினான்கு வீட்டில் இல்லை. கடப்பாரையால் மூன்று இடத்தில் குத்திப் பார்த்ததில் இரண்டில் சரளை, ஒன்றில் சுக்கான். தறிமேடை அண்ணன் சொன்னபடி சாக்கடை முனையையும் நடந்து பார்த்தோம். தெற்கே திருப்பினால் மூன்று வீடுகளின் பின்கட்டுக்குப் போகும், ஆகவே திருப்பும் யோசனையை விட்டுவிட்டோம். அந்த மூன்று வீட்டுக்காரர்களும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வருவாய்த் துறை இணையதளத்தில் அ-பதிவேட்டை, அதாவது நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் பதிவேட்டைப் பார்த்தோம். குட்டை அரசுப் புறம்போக்காகவே இருக்கிறது, புல எண்ணைக் குறித்துக்கொண்டோம்.

தீர்மான வாசகத்தை இப்படி எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்:

"எங்கள் குக்கிராமத்தின் கழிவுநீர் குட்டையில் கலப்பதைத் தடுக்க, இடவசதியுள்ள இருபத்தாறு வீடுகளில் உறிஞ்சு குழி அமைக்கவும், சாக்கடை முடிவில் படிவுத் தொட்டியும் கல்வாழைப் படுகையும் அமைக்கவும் ஆவன செய்ய இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது."

நொய்யல்கரை எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மணி. மூன்று இடத்தில் திருத்த வேண்டும். "ஆவன செய்ய" என்பதை எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனையோ மனுக்கள் தூங்குகின்றன. அதற்குப் பதிலாக, ஒன்றியப் பொறியாளர் முப்பது நாள்களுக்குள் இடத்தைப் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்க வேண்டும் என்றும், அந்த மதிப்பீடு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு அடுத்த கிராம சபையில் படிக்கப்பட வேண்டும் என்றும் எழுதுங்கள். "எங்கள் குக்கிராமம்" என்பதற்குப் பதிலாக ஊர்ப் பெயரையும் குட்டையின் புல எண்ணையும் போடுங்கள். மூன்றாவதாக, படிவுத் தொட்டியை எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்தப் பணியாளர், என்ன கருவியோடும் கையுறையோடும் சுத்தம் செய்வது என்பதற்கும் ஒரு வரி சேருங்கள். தூய்மைக் காவலர்கள் வெறுங்கையால் அதில் இறங்கும் நிலை வரக் கூடாது.

எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், பார்த்துவிடுகிறேன். கூட்டத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது; மனுவை நாளைக் காலையிலேயே கொடுத்து நகலில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.