மறு: நெடு ஆர்.என்.ஏ கலைச்சொல் – 'குறியற்ற' வேண்டாமே

> 'குறியற்ற நீள் ஆர்.என்.ஏ' என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

வணக்கம். டி.என்.ஏ-விலிருந்து படியெடுக்கப்பட்டும் புரதம் ஆக்காத நீண்ட ஆர்.என்.ஏ-வுக்கு (long non-coding RNA) நம் அகராதியில் வைக்க நீங்கள் சொல்லும் பெயர் எளிதுதான். ஆனால் 'குறியற்ற' என்றதும் அதில் ஒன்றுமே எழுதியிருக்காது என்று படிக்கிறவர் மனத்தில் பதிந்துவிடும். எக்சிஸ்ட் (XIST) என்ற இவ்வகை ஆர்.என்.ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள், 1991-இல் அடையாளம் கண்டார்கள், மனிதரில் ஏறத்தாழ 17,000 நியூக்கிளியோடைடு (ஆர்.என்.ஏ-வின் 'எழுத்து') நீளம், அதிலிருந்து ஒரு புரதமும் வருவதில்லை. ஆனாலும் பெண்ணின் செல்லில் இருக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றின் மேல் அப்படியே படர்ந்து, ஸ்பென் போன்ற புரதங்களை அங்கே இழுத்துவந்து, அதிலுள்ள பெரும்பாலான மரபணுக்களின் வாயை அடைத்துவிடுகிறது. எந்தப் புரதம் எங்கே வந்து ஒட்ட வேண்டும் என்பது அதன் வரிசையிலேயே இருக்கிறது. இதைப் போய்க் குறியற்றது என்பதா?

இல்லாதது புரதம் மட்டுமே. அதனால் 'புரதமாக்கா நெடு ஆர்.என்.ஏ' என்று வைக்கலாம் என்கிறேன். 'வாடா மலர்' போல ஈறு கெட்டு நிற்பதால் நாவுக்கும் இடறாது. 200 நியூக்கிளியோடைடுக்கு மேல் என்ற வழக்கமான வரையறையை அகராதிக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். புரதம் ஆக்காது என்று வகைப்படுத்திய ஆர்.என்.ஏ ஒன்றிலிருந்து 2015-இல் மயோரெகுலின் என்ற 46 அமினோ அமிலக் குட்டிப் புரதம் கிடைத்ததே என்று கேட்பீர்கள். சரி, அது இந்தப் பட்டியலை விட்டு வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், இதைவிட எனக்குக் கவலை தருவது 'முடக்கல்'. இந்த ஆர்.என்.ஏ-க்களின் செயலைக் கண்டறியும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். டி.என்.ஏ-விலிருந்து அந்தப் பகுதியையே வெட்டியெடுப்பது வேறு, உருவாகிவிட்ட ஆர்.என்.ஏ-வை மட்டும் சிதைப்பது வேறு. எலியில் ஏர்ன் (Airn) என்ற நெடு ஆர்.என்.ஏ-வைப் பாருங்கள்: ஐஜிஎஃப்2ஆர் மரபணுவை அடக்குவது ஏர்ன் என்கிற ஆர்.என்.ஏ அல்ல, அந்த மரபணுவின் தொடக்கப் பகுதி மேல் படியெடுப்பு (டி.என்.ஏ-வைப் பார்த்து ஆர்.என்.ஏ உருவாகும் செயல்) ஓடுவதுதான் என்று 2012-இல் காட்டினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஆர்.என்.ஏ-வை மட்டும் சிதைத்துப் பார்க்கிறவர் இதற்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டுவார், டி.என்.ஏ-வை வெட்டியவரோ ஆர்.என்.ஏ-தான் காரணம் என்பார். இரண்டையும் 'முடக்கல்' என்றே எழுதினால் வாசகர் எதை நம்புவது?

டி.என்.ஏ-வை வெட்டுவதற்கு 'நீக்கல்' போதும். ஆர்.என்.ஏ-வைச் சிதைப்பதற்கு 'குறைத்தல்' கொஞ்சம் தட்டையாக இருக்கிறது, 'ஒடுக்கல்' ஏற்கெனவே மரபணு அடக்கத்துக்குப் போய்விட்டது. 'படிச்சிதைப்பு' சரிவருமா, பார்த்துச் சொல்லுங்கள்.