எஸ்கேப் பேய் வீட்டில் பாட்டியிடம் வாங்கிய அடி

பாசிர் ரிஸ்காரன்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் இருந்த எஸ்கேப் தீம் பார்க்கைப் பற்றி அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்டியுசி கிளப் நடத்தியது. 2000-இல் திறந்தார்கள், 2011 நவம்பரில் மூடினார்கள். டவுன்டவுன் ஈஸ்ட் உல்லாச வளாகத்துக்குள்ளேயே இருந்ததால், சொந்தத்தில் யாராவது பிறந்தநாளுக்குச் சாலே (வாடகை விடுமுறை வீடு) எடுத்தால் போதும், பிள்ளைகள் எல்லாம் கோழி இறக்கை வெந்ததா என்றுகூடப் பார்க்காமல் வேலியோரம் போய் நின்றுவிடுவோம். உள்ளே ராட்சதக் கப்பல் மேலே போகும்போது அலறல் கேட்கும், கீழே வந்தால் அடங்கும், மறுபடி கேட்கும். அடுப்புக்கு விசிறிக்கொண்டிருக்கும் மாமா, "கத்துறதுக்கு வேற காசு குடுத்துப் போறாங்க" என்பார். எல்லாச் சாலேயிலும் அதே வசனம்தான்.

நான் அங்கே விளையாடியதைவிட வேலை பார்த்த நாள்தான் அதிகம். ஓ லெவல் பள்ளித் தேர்வு எழுதி முடித்த டிசம்பரில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். முதல் வாரம் உயரம் பார்க்கும் பலகைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கோட்டைத் தொடாத பிள்ளைகளை அழ வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு தமிழ்ப் பையன், எட்டு வயது இருக்கும், குடும்பத்தோடு சாலேயில் தங்கியிருந்தான் போல, மூன்று நாள் விடாமல் வந்தான். முதல் நாள் குதிகாலைத் தூக்கினான். இரண்டாம் நாள் முடியைச் சிலுப்பி நிறுத்திக்கொண்டு வந்தான். மூன்றாம் நாள் கோட்டை ஏறக்குறையத் தொட்டுவிட்டான். எனக்கே ஆச்சரியம். குனிந்து பார்த்தால் சப்பாத்து ஓரத்தில் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. மைலோ பாக்கெட் அட்டையை மடித்து உள்ளே வைத்திருக்கிறான். "அண்ணே, ராத்திரில வளந்துட்டேன்" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. பாதுகாப்புக் கம்பி அந்த உயரத்துக்குத்தான் சரியாக உட்காரும், பையன் சின்னவனாக இருந்தால் நழுவிவிடுவான்.

டிசம்பர் என்றால் பருவமழை. மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் வெட்டவெளியில் ஓடுகிற எதையும் ஓட்டக்கூடாது. கூட்டம் முழுக்கக் கூரை இருக்கிற இடமாகப் பார்த்து ஓடும். அப்படித்தான் பேய் வீட்டு வரிசை நீண்டது, அங்கே ஆள் போதாமல் என்னை உள்ளே அனுப்பினார்கள்.

ரப்பர் முகமூடி ஒன்று கொடுத்தார்கள். உள்ளே முந்தின ஷிப்டுக்காரரின் வியர்வையும் குட்டிக்கூரா பவுடரும் கலந்த வாடை. இரண்டு தட்டிக்கு நடுவே ஒரு சந்து, அதில்தான் நிற்க வேண்டும். எனக்கு முன்பே அங்கே பேயாக இருந்த மலாய்க்கார நண்பன் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தான்: முன்னால் வருகிறவரைத் தொந்தரவு செய்யாதே, கடைசியில் வருகிறவரைப் பிடி. முன்னால் இருப்பவர் பயந்தால் அங்கேயே நின்றுவிடுவார், பின்னால் மொத்தக் கூட்டமும் அடைத்துக்கொள்ளும். கடைசி ஆள் பயந்தால் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் ஓடுவார், இடம் காலியாகிவிடும். இன்னொரு விதி, யாரையும் தொடக்கூடாது. அவர்கள் நம்மைத் தொட்டால் என்ன செய்வது என்று அவன் சொல்லவில்லை.

நாலைந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஓர் உருவம் மெதுவாக வந்தது. விதிப்படி குதித்தேன். அடுத்த நொடி மடக்குக் குடை ஒன்று என் காதோரம் பளீரென்று இறங்கியது. "எடுபட்ட பயலே! வயசானவள இப்படியாடா பயமுறுத்துவ!"

சேலை கட்டிய பாட்டி. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது: "ஐயோ பாட்டி, மன்னிச்சிருங்க!"

ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு குரல் மாறியது. "தமிழ்ப் பிள்ளையாடா நீ?"

"ஆமா பாட்டி."

"இந்த இருட்டுல ஒத்தையா நிக்கிறியே, உனக்குப் பயமா இல்ல? சாப்பிட்டியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பையைத் துழாவி, டிஷ்யூவில் சுற்றிய இரண்டு முறுக்கை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். முகமூடியைத் தூக்கி ஒன்றை வாயில் வைத்த நேரம் பார்த்து அடுத்த குழு வந்துவிட்டது. அசைய முடியவில்லை, துப்பவும் மனமில்லை. கடக்கென்று கடித்தேன். அந்தச் சத்தத்துக்கே ஒரு பெண் அலறிய அலறல் இருக்கிறதே, ஐந்து வாரத்தில் நான் செய்த ஆகச் சிறந்த பயமுறுத்தல் அதுதான்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எஸ்கேப் என்றில்லை, மூடிப்போன எந்த இடமானாலும் சரி.


காலாங் அக்கா

தம்பி, எங்கள் காலத்தில் வொண்டர்லேண்ட் கேளிக்கைப் பூங்கா. காலாங்கில் 1969-இல் வந்தது, 1988 வரை இருந்தது. ராட்டினம், சுழலும் தேநீர்க் கோப்பைகள், குட்டி ரோலர் கோஸ்டர். இப்போது பார்த்தால் சிரிப்பு வரும், அன்றைக்கு அதைவிடப் பெரிதாக எதையும் நாங்கள் பார்த்ததில்லை.

அப்பா எங்களை மாதம் ஒருமுறையாவது கூட்டிப் போவார். எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் பிறகு உண்மையைப் போட்டு உடைத்தார். 1973-இல் பக்கத்திலேயே தேசிய விளையாட்டரங்கம் திறந்தாயிற்றே, மலேசியக் கிண்ணக் கால்பந்து ஆட்டம் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் எங்களுக்கு வொண்டர்லேண்ட்! எங்களை அம்மாவிடம் விட்டுவிட்டு, "தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று போனால் ஆட்டம் முடிந்துதான் வருவார். கையில் தண்ணீர் இருக்காது. தொண்டையும் கட்டியிருக்கும்.

நாங்கள் மரக்குதிரையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அரங்கத்திலிருந்து அந்த இரைச்சல் எழும்பும். காலாங் கர்ஜனை என்று பின்னால் பெயர் வைத்தார்களே, அதுதான். அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே, "கேக்குதா? அதுல உங்கப்பா குரலும் இருக்கு" என்பார். நான் காதைத் தீட்டிக்கொண்டு அப்பாவின் குரலைத் தேடுவேன். ஒருமுறை கேட்டேன் என்றே சத்தியம் செய்தேன்.

வொண்டர்லேண்ட் இருந்த இடம் பிறகு உள்ளரங்க விளையாட்டரங்கத்துக்குக் கார் நிறுத்துமிடமாக மாறியது. 1989-இல் உள்ளரங்கம் திறந்த பிறகு ஒரு நிகழ்ச்சிக்குப் போய்க் காரை நிறுத்தும்போது, "நாம குதிரை மேல நிக்கிறோம்" என்றேன். என் கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.


நீச்சல் தெரியாதவன்

பிக் ஸ்பிளாஷ் நீர்ப் பூங்காவை ஒருவரும் சொல்லவில்லையே! ஈஸ்ட் கோஸ்ட், 1977-இல் திறந்தது, வானவில் நிறத்தில் வரிசையாகச் சறுக்குகள். பள்ளித் தோழர்கள் முன்னால் வீரமாக உச்சிவரை ஏறிவிட்டு, கீழே தண்ணீரைப் பார்த்ததும் வந்த படியிலேயே திரும்பி இறங்கியவன் நான். எதிரே ஏறி வந்த அத்தனை பேருக்கும் "எக்ஸ்கியூஸ் மீ" சொன்னேன். அந்த இடத்தில் 2021-இல் கோஸ்டல் பிளேகுரோவ் விளையாட்டுத் திடல் வந்ததல்லவா, மகளைக் கூட்டிப் போனேன். அங்கேயும் ஓர் உயரமான கோபுரம், அதிலிருந்து சறுக்கு. அவள் எட்டுத் தடவை சறுக்கினாள். நான் கீழே நின்று எட்டுத் தடவையும் படம் எடுத்தேன்.


தேக்கா பேரன்

என் அனுபவம் இல்லை, தாத்தாவுடையது. அவர் சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். கடை சாத்தியதும் நடந்தே ஜாலான் புசார் நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்விடுவார். 1923-இல் திறந்த இடம் அது, மூன்று வோர்ல்டு பூங்காக்களில் மூத்தது. கிரேட் வோர்ல்டு கிம் செங் சாலையில், ஹேப்பி வோர்ல்டு கேலாங்கில். கடைசிதான் 1966-இல் கே வோர்ல்டு என்று பெயர் மாறியது.

ஹேப்பி வோர்ல்டு என்றாலே தாத்தாவுக்கு மல்யுத்தம். கிங்காங், தாரா சிங். தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கதை வரும், வரும்போதெல்லாம் அவர் உட்கார்ந்திருந்த இடம் மேடைக்கு ஒரு வரிசை நெருங்கும். நான் தொடக்கநிலை ஒன்றில் இருந்தபோது கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தார். நான் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) போவதற்குள் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். கடைசியாகச் சொன்னபோது கிங்காங்கின் வியர்வை இவர் சட்டையில் தெறித்தது, பாட்டி மூன்று நாள் ஊறவைத்துத் துவைத்தும் போகவில்லை. பாட்டி மாவு பிசைந்தபடி, "அது மீன் குழம்பு" என்றார்.

நியூ வோர்ல்டு இருந்த இடத்தில் 2009-இல் சிட்டி ஸ்குவேர் மால் திறந்த பிறகு தாத்தாவைக் கூட்டிப் போனேன். நியூ வோர்ல்டு என்று எழுதிய வாயில் அங்கே இன்னும் நிற்கிறது. கீழே நின்று படம் எடுக்கச் சொன்னார். "உள்ள போலாமா தாத்தா?" என்றேன். "டிக்கெட் எடுக்க வேணாமா?" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா, மறந்து சொன்னாரா, அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பிடிபடவில்லை.


காலாங் அக்கா

பாசிர் ரிஸ் தம்பி, கேட்க மறந்துவிட்டேன். அந்த மைலோ அட்டைப் பையன் கடைசிவரை கப்பலில் ஏறினானா?


பாசிர் ரிஸ்காரன்

இல்லை அக்கா. எனக்குப் பிறகு பலகைக்கு வந்த பெண் என்னைவிடக் கண்டிப்பு, எல்லோருடைய சப்பாத்தையும் கழற்றச் சொல்லிவிடுவாள். இப்போது அங்கே கப்பலும் இல்லை, பலகையும் இல்லை. இடத்தைப் புதுப்பித்து 2015-இல் டி'ரிசார்ட் என்ற தங்கும் விடுதியைத் திறந்துவிட்டார்கள்.

ஆனால் பையனை இன்னொரு தடவை பார்த்தேன். நான் ஓய்வு முடிந்து முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போகிறேன், இவன் பேய் வீட்டு வரிசையில் நிற்கிறான், கூடவே ஒரு தங்கச்சி. என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தான். "அண்ணே, மூணு தடவ உள்ள போயிட்டேன். நீங்க கடைசி ஆளத்தான புடிக்கிறீங்க?"

"ஆமா, அதுக்கென்ன?"

தங்கச்சிக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இவள கடைசில விடறேன்."